நாலு ரெண்டு ரெண்டு ரெண்டு

தொலைபேசியில் ஆள் கிடைக்காதபோது ஒரு பெண் குரல் காரணம் சொல்லும். லேண்ட்லைன் காலத்தில், "இந்தத் தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன." செல்போன் வந்த பிறகு "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்", "சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது", "இந்த எண் உபயோகத்தில் இல்லை." நான்கிலும் நடந்தது ஒன்றுதான், பேச முடியவில்லை. ஆனால் நாம் நான்கையும் வேறு வேறாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். முதலாவதைக் கேட்டால் திரும்ப அடிப்போம். இரண்டாவது என்றால் ரயிலில் வந்துகொண்டிருப்பான். மூன்றாவது, சார்ஜ் போயிருக்கும். நான்காவதைக் கேட்டால்தான் லேசாக ஒரு கோபம் வரும்: நம்பரை மாற்றிவிட்டு நம்மிடம் சொல்லவில்லை பாருங்கள்.

டயல்-அப் காலத்துக் கணினிக்கு இந்த நாகரிகம் கிடையாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு முகவரி அடித்து அது திறக்கவில்லை என்றால் வெள்ளைப் பக்கம் ஒன்று வரும். அதன் அடியில் ஒரு வரி: "கெனாட் ஃபைண்ட் சர்வர் ஆர் டிஎன்எஸ் எரர்." சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது டிஎன்எஸ் பிழை. பதினைந்து வயதில் அந்த வரியை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் 'அல்லது' எவ்வளவு பெரிய சொல் என்பது அந்த ராத்திரியில்தான் தெரிந்தது.

முதலில் டிஎன்எஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு எங்கள் மேடவாக்கமே போதும்.

நாங்கள் 1999இல் இங்கே குடிவந்தபோது மேடவாக்கத்தின் பின்கோடு 601302. இப்போது 600100. அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு மாவட்டம். எங்கள் வீட்டுக்கு முதலில் ப்ளாட் நம்பர் இருந்தது, பிறகு கதவு எண் வந்தது, அதன் பிறகு பழைய எண், புதிய எண் என்று இரண்டாகியது. எங்கள் தபால்காரர் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை. "குவைத்காரர் வீடு" என்று கவரில் எழுதியிருந்தால்கூடக் கொண்டுவந்து போட்டுவிடுவார். பெயரைக் கொடுத்தால் இன்றைய தேதிக்கு அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். டிஎன்எஸ் செய்வது இந்த வேலையைத்தான். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, எண் இல்லாமல் எதுவும் நகராது. ஆனால் எண்கள் மாறும், மனிதருக்கு நினைவிலும் நிற்காது. அதனால் நாம் பெயரைச் சொல்கிறோம், நடுவில் ஒருவர் எண்ணைத் தேடித் தருகிறார்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் 'மேடவாக்கம் டேங்க் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒரு வேன் நேராக அங்கே போய் நின்றது. "தாம்பரம் பக்கத்து மேடவாக்கம்" என்று சொல்லியிருந்தால் குழப்பம் இல்லை. இணையப் பெயர்களின் நடுவே புள்ளிகள் இருப்பதும் இதற்குத்தான். வலப்பக்கம் இருப்பது பெரிய ஊர், இடப்பக்கம் போகப் போகத் தெருவும் வீடும். வலப்பக்கத்துப் பெரியவரிடம் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுவார். அவர் அதற்கடுத்தவரைக் கைகாட்டுவார். கடைசியில் இருப்பவர் எண்ணைச் சொல்வார்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் ஒரு சிறு குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்ற எல்லாரும் அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொகபெட்ரிஸ், ஒருவரிடமே எல்லாம் இருக்க வேண்டாம், ஊர் ஊருக்குப் பொறுப்பைப் பிரித்துவிடலாம் என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இப்போது 2003.

உங்களில் பலர் டயல்-அப் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமாக. எங்கள் வீட்டுக்கு வந்தது 2002 கடைசியில். அப்பா அனுப்பிய பணத்தில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, எங்கள் ஏரியா அண்ணன் ஒருவர் பூட்டிக் கொடுத்த கணினி. விண்டோஸ் 98. போன் ஒயரைப் பிடுங்கி மோடத்தில் சொருக வேண்டும். மோடம் நம்பரைச் சுழற்றும், கீச்சிடும், கரகரக்கும், பிறகு அமைதியாகும். திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் மினுக்கினால் இணைப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் வீட்டு போன் வேலை செய்யாது. யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. அதனால் எல்லா வீட்டிலும் நெட்டுக்கு நேரம் குறித்த ஒரு சட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் அம்மா.

அப்பா குவைத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். மார்ச் 20, வியாழக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் பாக்தாத் மீது குண்டு விழுந்தது. அன்றே ஈராக் குவைத்தை நோக்கி ஏவுகணைகளை வீசியது. டிவியில் சைரன் சத்தமும் முகமூடி போட்ட நிருபர்களும். எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரம். புத்தகம் மடியில் இருந்தது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இது இரண்டாவது தடவை. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோதும் அப்பா அங்கே இருந்தார். அம்மா திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் கிராமத்தில், மூன்று வயதுப் பிள்ளையான என்னோடு. கடிதம் இல்லை, போன் இல்லை. ஐம்பது நாளுக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. ஊரில் சிலர் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள். பாட்டி முறையுள்ள ஒருத்தி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அம்மா கையை உருவிக்கொண்டு, "சேதி வரலன்னுதானே சொல்றாங்க? வேற ஏதாச்சும் சேதி வந்துச்சா?" என்று கேட்டாளாம். அந்த வருடம் ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களில் ஒருவராக அப்பா பம்பாயில் இறங்கி, ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே திரும்பப் போய்விட்டார். கடன் இருந்தது.

ஆகவே 2003இல் அவர்கள் இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஏதாவது ஆனால் முதலில் போன். கிடைக்கவில்லை என்றால் கோடி வீட்டு டெய்லர் அக்காவின் நம்பர்; அந்தக் காலத்தில் அதற்குப் பிபி நம்பர் என்று பெயர். அதுவும் இல்லை என்றால் ஆபீஸ் கணினியிலிருந்து என் ஈமெயிலுக்கு ஒரு வரி. பிரச்சினை என்னவென்றால் முதல் வழியும் மூன்றாவது வழியும் எங்கள் வீட்டுக்குள் ஒரே ஒயரில்தான் வந்தாக வேண்டும்.

நாள் முழுக்க அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கணினி மேசைப் பக்கம் திரும்பினாலே முறைப்பாள். இரண்டு முறை மணி அடித்தது, இரண்டும் சொந்தக்காரர்கள். "வைங்க, அவர் கூப்புடுவாரு" என்று வைத்துவிட்டாள். ராத்திரி ஒன்பதே கால் ஆனது. டெய்லர் அக்கா வீட்டுக்கும் போன் வரவில்லை.

"சரி, பாரு. கால் மணி நேரம்தான்" என்றாள்.

ஒயரை மாற்றினேன். டயல் ஆனது, கீச்சிட்டது, பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்த்தது. மூலையில் இரண்டு கணினிகள் மினுக்கின. மெயில் முகவரியை அடித்தேன். வெள்ளைப் பக்கம்.

"என்னடா போட்டிருக்கு?"

"சர்வர் கெடைக்கலையாம்."

"எந்த சர்வரு? அங்க இருக்கறதா?"

அம்மா கேட்டது எனக்குச் சட்டென்று உறைத்தது. அவள் கண்ணில் அந்தத் திரைக்குப் பின்னால் குவைத் இருந்தது. 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருப்பது எதைப் பற்றி? அப்பா உட்காரும் கட்டடமா, அந்த ஊரா, மெயிலா, நடுவில் வேறு ஏதாவதா? ஒரு பக்கம் திறக்காததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒரே ஒரு காரணம்தான் பயப்பட வேண்டியது, அதைப் பற்றி அந்தப் பக்கத்துக்கு எதுவும் தெரியாது. இதை அவளுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பிரித்துக் காட்டத்தான் முடியும்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். மெயில் சைட்டின் பெயரைப் போட்டு பிங் அடித்தேன். 'அன்நோன் ஹோஸ்ட்' என்று வந்தது. அதாவது அந்தப் பெயருக்கு எண் கிடைக்கவில்லை, செய்தி வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. வின்ஐபிசிஎஃப்ஜி என்று ஒரு குட்டி நிரல் உண்டு, அதைத் திறந்தேன். எங்கள் கணினிக்கு ஓர் எண் கிடைத்திருந்தது, ஆக லைன் உயிரோடுதான் இருக்கிறது. இணைப்பு கொடுத்த நிறுவனமே இரண்டு டிஎன்எஸ் எண்களையும் தந்திருந்தது. அவற்றை பிங் செய்தேன். 'ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்.' நான்கு முறை. அடுத்ததற்கும் நான்கு முறை.

"கால் மணி ஆச்சு" என்றாள் அம்மா. ஒயரைப் பிடுங்கி போனில் போட்டேன். டயல் டோன் கேட்டது. அம்மா அதைக் காதில் வைத்து ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

கூட்ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டர் ஒன்பது மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். கணினி பூட்டிக் கொடுத்த அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். லுங்கியோடு வெளியே வந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"டயல் ஆவுது, ஐபி வருது, பேர் மட்டும் ஓப்பன் ஆவல. அதானே? உன் லைன் நல்லாருக்கு தம்பி. விலாசம் சொல்றவன்தான் படுத்துட்டான். வேற ஒருத்தன்கிட்ட கேளு." என் கையைப் பிடித்து இழுத்து, சட்டைப்பையில் இருந்த பேனாவால் உள்ளங்கையில் எழுதினார். "நாலு ரெண்டு ரெண்டு ரெண்டு. மொதல்ல அதுக்கு பிங் போடு. ரிப்ளை வந்தா, டயல்-அப் ப்ராப்பர்ட்டீஸ்ல டிசிபி ஐபி உள்ள போயி, டிஎன்எஸ் எடத்துல இத நீயே போடு. கட் பண்ணிட்டுத் திரும்ப டயல் பண்ணு."

"இது யாரோட நம்பர்ணா?"

"அமெரிக்காக்காரன். யார் கேட்டாலும் சொல்லுவான்."

அம்மாவிடம் இன்னொரு கால் மணி நேரம் வாங்குவது சுலபமாக இல்லை. "சரியாயிடுமா?" என்றாள். "எது கெட்டிருக்குன்னு தெரிஞ்சிரும்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒயரை அவளே பிடுங்கிக் கொடுத்தாள்.

பிங் 4.2.2.2. சில நொடிகள் எதுவும் இல்லை. பிறகு ஒரு வரி: ரிப்ளை ஃப்ரம் 4.2.2.2. அடுத்த வரி. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. என் பின்னால் நின்ற அம்மா, "என்னது இது?" என்றாள்.

"நம்ம கேட்டது அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்திருக்கும்மா. இங்க எல்லாம் சரியா இருக்கு. வழி சொல்ற மிஷின் ஒண்ணு மட்டும் படுத்திருக்கு. அது இங்க இருக்கறது. அங்க இருக்கறது இல்ல."

கடைசி வாக்கியத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

எண்ணை மாற்றி மறுபடி டயல் செய்தேன். மெயில் பக்கம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. அப்பாவின் மெயில் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: நல்லா இருக்கேன். லைன் கிடைக்கல. சைரன் அடிச்சா எல்லாரும் கீழ் தளத்துக்குப் போறோம். சாப்பாடு இருக்கு. பையனைப் படிக்கச் சொல்லு.

வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை முடிந்ததும் கேட்டாள்: "எத்தன மணிக்கு அனுப்பினது?"

தேதி வரியைப் பார்த்தேன். குவைத்தில் மதியம் 2 மணி. நமக்கு நாலரை. இப்போது பத்தரை.

"ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி நல்லா இருந்திருக்காரு" என்றாள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. "எடு. போன மாட்டு."

அப்பாவின் போன் வந்தது சனிக்கிழமை காலையில்தான். 2009இல் மொத்தமாக ஊர் திரும்பினார். அவருக்கு அந்த ராத்திரி ஒரு பெரிய விஷயமில்லை. "மெயில்தான் போட்டேனே" என்பார்.

பொறியியல் படித்து, வேலைக்கும் வந்த பிறகுதான் அந்த எண் யாருடையது என்று தேடிப் பார்த்தேன். 4இல் தொடங்கும் அந்த எண் தொகுதி பிபிஎன் என்ற அமெரிக்க நிறுவனத்தினுடையது. 1969இல் அர்ப்பாநெட்டின் முதல் இணைப்புக் கருவிகளைச் செய்தவர்கள் அவர்கள்தான். பிறகு அது ஜிடிஇயிடம் போனது, ஜெனுயிட்டி என்று பிரிந்தது, நாங்கள் பிங் அடித்த சமயத்தில்தான் லெவல் 3 என்ற நிறுவனம் அதை வாங்கியிருந்தது. அந்த டிஎன்எஸ் சர்வர் பொதுமக்களுக்கென்று விளம்பரம் செய்து வைத்ததல்ல. தன் வாடிக்கையாளர்களுக்காக வைத்தது, வெளியாட்கள் கேட்டாலும் பதில் சொல்லியது. கூகுளின் 8.8.8.8 வந்தது 2009 டிசம்பரில், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரலில். அதற்கு முன்னால் இங்கே நெட்வொர்க் வேலை பார்த்தவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தது நாலு ரெண்டு ரெண்டு ரெண்டுதான். எண்கள் மாறும், பெயர் நிற்கும் என்பதற்காகத்தான் டிஎன்எஸ்ஸே வந்தது. இங்கே நிறுவனத்தின் பெயர் நாலைந்து முறை மாறிவிட்டது. எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்போதுதான் இன்னொன்றும் படித்தேன். அந்த வெள்ளைப் பக்கம் 'அல்லது' போட்டு ஒட்டவைத்ததை டிஎன்எஸ் உள்ளுக்குள் கவனமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒரு பெயரைக் கேட்டு அப்படி ஒரு பெயரே கிடையாது என்றால், பதிலில் 3 என்ற குறி வரும். கேட்டேன், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 2 என்ற குறி வரும். பதிலே வராமல் நேரம் கடந்துபோவது மூன்றாவது வகை. 'இல்லை' என்பதைச் சொல்வதற்கு அந்தப் பெயரின் பொறுப்பாளருக்கு மட்டுமே உரிமை உண்டு. நடுவில் இருப்பவர் தனக்குத் தெரியாததை 'இல்லை' என்று சொல்லக் கூடாது. அப்படி முறையாக வந்த 'இல்லை'க்கும் ஆயுள் உண்டு. அதை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 1998இல் ஒரு விதி எழுதினார்கள். நேரம் முடிந்தால் மறுபடி கேட்டாக வேண்டும். ஐம்பது நாள் தகவல் இல்லாததை ஒரு முடிவாக மாற்றிக்கொண்டு கையைப் பிடித்து அழ வந்தவளிடம் அம்மா கேட்டதும் கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான். அம்மா எட்டாவது வரைதான் படித்தவள்.

இன்று நான் பார்க்கும் வேலையில், பல நூறு சர்வர்கள் ஓடுகின்றனவா என்று காட்டும் ஒரு திரை உண்டு. நான் சேர்ந்தபோது அதில் இரண்டு நிறங்கள்தான். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நூறு கட்டங்கள் சேர்ந்து சிவந்துபோகும். ஜூனியர் பையன் அலறிக்கொண்டு எல்லாரையும் எழுப்புவான். போய்ப் பார்த்தால் சர்வர்கள் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், கேட்கிற கருவிதான் படுத்திருக்கும். மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும் என்று நான் சொன்னபோது, கூட்டத்தில் ஒருவர், "ரிசல்ட் ஒண்ணுதானே சார்? வேல செய்யலன்னா வேல செய்யல" என்றார். ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

இப்போது அந்தத் திரையில் சாம்பல் நிறம் இருக்கிறது. பதில் வரவில்லை, காரணம் தெரியவில்லை என்று அர்த்தம். சாம்பல் கட்டம் ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் ஒரு நேரம் காட்டும்படி செய்திருக்கிறோம். அந்த சர்வர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்பது.